பழி போடாமல் ஒரு சண்டையைக் கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெருங்கியவர்களோடு மனத்தாங்கல் வந்தால் நமக்குப் பழகிய வழிகள் இரண்டு. "எல்லாம் அவரால் வந்தது" என்று சொல்லிக் கதவை அடைப்பது ஒன்று. "எல்லாம் என்னால் வந்தது" என்று சொல்லிச் சுருண்டு படுப்பது மற்றொன்று. இரண்டும் வேண்டாம், வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. ஆராய்ச்சியில் தெரியவந்ததும் என் சொந்தக் கருத்தும் கலந்துதான் வரும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பல பதில்களில் ஒரே உதாரணத்தைப் பயன்படுத்துகிறேன். ஓர் அக்கா, ஒரு தங்கை. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. தங்கையிடம் கேட்காமலேயே அக்கா தேதியை முடிவு செய்துவிட்டார். தங்கைக்குச் செய்தி வேறொருவர் மூலம் தெரிந்தது. இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை.

யாரையும் குறை சொல்லக் கூடாது என்றால், தவறே நடக்கவில்லை என்று நடிக்க வேண்டுமா?

வேண்டாம். பழி வேறு, பொறுப்பு வேறு. பழி "யார்?" என்று கேட்கும், ஒரு பெயர் கிடைத்ததும் விசாரணையை முடித்துக்கொள்ளும். பொறுப்பு "என்ன நடந்தது, இதில் என் பங்கு என்ன, இனி என்ன செய்யலாம்?" என்று கேட்கும். அக்காவுக்குச் "சுயநலக்காரி" என்று பட்டம் கட்டிவிட்டால் அதன்பின் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. "தேதியை முடிவு செய்யும் முன் என்னிடம் ஏன் கேட்கவில்லை?" என்று கேட்டால், மருத்துவர் அன்றைக்கே பதில் கேட்டிருக்கலாம், தங்கையின் தொலைபேசி அணைந்திருக்கலாம், அல்லது அக்கா உண்மையிலேயே கேட்க விரும்பாமல் இருந்திருக்கலாம். கடைசிக் காரணம்தான் உண்மை என்றாலும் பேசுவதற்கு இப்போது ஒரு பொருள் இருக்கிறது. பட்டத்தை வைத்துக்கொண்டு எதைப் பேசுவது?

அவர் வேண்டுமென்றே செய்தார் என்பது கண்ணுக்குத் தெரிகிறதே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கண்ணுக்குத் தெரிவது செயல் மட்டும்தான். நோக்கத்தை நாம் ஊகிக்கிறோம். அந்த ஊகம் எவ்வளவு பிடிவாதமானது என்பதை எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967-இல் காட்டினார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவரின் விருப்பமல்ல, அவருக்கு இடப்பட்ட கட்டளை என்று முன்கூட்டியே சொன்னபோதும், படித்தவர்கள் "இவருக்கு உள்ளூர அந்த எண்ணம் இருக்கிறது" என்றே மதிப்பிட்டார்கள். சூழ்நிலையை ஒதுக்கிவிட்டு ஆளின் குணத்தில் காரணம் தேடும் இந்தப் போக்குக்கு 1977-இல் லீ ராஸ் ஒரு பெயரும் கொடுத்தார்: அடிப்படைக் காரணப் பிழை.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 1990-இல் வெளியிட்டது. ஒரே ஆளிடம் இரண்டு கதைகள் கேட்டார்கள். யாரோ உங்களைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று, நீங்கள் யாரையோ கோபப்படுத்திய சம்பவம் ஒன்று. காயப்பட்டவராக எழுதும்போது அந்தச் செயலுக்குக் காரணமே இல்லை, அதன் வலி இன்னும் தொடர்கிறது என்றார்கள். காயப்படுத்தியவராக எழுதும்போது அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது, விஷயம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டையும் எழுதியவர்கள் அதே மனிதர்கள்! எதிராளி பொய் சொல்கிறார் என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும். அவர் பொய் சொல்லாமலே வேறு கதை சொல்ல முடியும்.

நான் பிறரைக் குறை சொல்வதில்லை, என்னையே நொந்துகொள்கிறேன். அது நல்ல குணம்தானே?

அப்படித்தான் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன்மீது போட்டாலும் பழி பழிதான். அதுவும் விசாரணையைப் பாதியில் மூடிவிடுகிறது.

குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் ஜூன் டாங்னி போன்ற உளவியலாளர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். "நான் செய்தது தவறு" என்பது குற்ற உணர்வு. "நானே ஒரு தவறு" என்பது அவமான உணர்வு. முதலாவது பெரும்பாலும் மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் தூண்டுகிறது. இரண்டாவது ஒளிந்துகொள்ளச் செய்கிறது. அல்லது, விந்தையாக, கோபமாகப் புரண்டு எதிராளிமீதே பாய்கிறது. "ஆமாம், நான்தான் மோசமானவள், போதுமா?" என்று கத்துகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வாக்கியம் தன்னைக் குற்றம் சொல்கிறது, குரலோ எதிரே நிற்பவரைக் குத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. "என்னால்தான்" என்று நீங்கள் உடைந்துபோனால், அடிபட்டவர் தன் வலியை ஓரமாக வைத்துவிட்டு உங்களைத் தேற்ற வரவேண்டும். அவர் சொல்ல வந்தது சொல்லப்படாமலே போய்விடும்.

தன்னைக் கண்டித்தால்தான் திருந்துவோம் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில், தங்கள் குறையைத் தன்பரிவோடு பார்க்கத் தூண்டப்பட்டவர்களே அதைத் திருத்திக்கொள்ள அதிக முனைப்புக் காட்டினார்கள். தன்பரிவு என்றால் தனக்குச் சலுகை தருவதல்ல. இதே தவறை உங்கள் நண்பர் செய்திருந்தால் அவரிடம் எந்தக் குரலில் பேசுவீர்களோ, அதே குரலில் உங்களிடமும் பேசுவது.

"இரண்டு கை தட்டினால்தான் ஓசை" என்கிறார்களே. ஆளுக்குப் பாதிப் பாதி என்று ஒத்துக்கொண்டால் முடிந்துவிடாதா?

அந்தப் பழமொழியைச் சொல்பவர் பெரும்பாலும் சண்டைக்கு வெளியே இருப்பவர், அதுவும் சீக்கிரம் எழுந்து போக விரும்புபவர். பாதிப் பாதி என்பது கணக்கு முடிக்கும் அவசரம். சில சண்டைகளில் ஒருவர் பங்கு மிகப் பெரிது.

பங்கை அளக்க முடியும் என்பதே ஐயத்துக்குரியது. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் தம்பதிகளைத் தனித்தனியே உட்காரவைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் 100 சதவீதத்தைத் தாண்டியது. யாரும் ஏமாற்றவில்லை. தான் பாத்திரம் தேய்த்தது தனக்கு நினைவிருக்கிறது. மற்றவர் தேய்த்தபோது தான் அங்கே இல்லை. இந்த நினைவை வைத்துக்கொண்டுதான் நாம் "உன் தவறு எவ்வளவு, என் தவறு எவ்வளவு" என்று தராசு பிடிக்கிறோம்.

அப்படியானால் நடந்ததை எப்படித்தான் சொல்வது?

இதற்குத் தமிழிலேயே ஒரு வசதி இருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோம். உருண்டது, உருட்டினான், திருந்தினான், திருத்தினான். "பேச்சு முறிந்தது" என்றும் சொல்லலாம், "நீ பேச்சை முறித்தாய்" என்றும் சொல்லலாம். முதலில் சம்பவம் முழுவதையும் ஆள் பெயர் இல்லாத வினைகளில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: "தேதி முடிவானது. செய்தி வந்து சேரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. கோபம் வந்தது. பேச்சு நின்றது." உடனே ஒன்று புலப்படும். இந்த வரிசையில் எந்த இடத்தில் யார் வேறு விதமாக நடந்திருக்க முடியும் என்பது தெரியத் தொடங்கும்.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அரசியல்வாதிகள் "தவறுகள் நிகழ்ந்துவிட்டன" என்பதும் இதே இலக்கணம்தான். ஆகவே இரண்டாம் சுற்றில் உங்கள் பெயரை மட்டும் உரிய இடத்தில் சேருங்கள்: "பேச்சு நின்றது" என்பதை "நான் பேச்சை நிறுத்தினேன்" என்று மாற்றுங்கள். மற்றவரின் பெயரைச் சேர்க்க வேண்டியவர் அவர். அவர் சேர்க்காவிட்டால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது அடுத்த கட்டம்.

கோபம் தலைக்கேறும்போது இதெல்லாம் எங்கே நினைவுக்கு வரும்?

வராது. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நிறுத்துவது.

தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் பதிவுசெய்தவர் ஜான் காட்மன். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் நிலையில் எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டு வாங்கும் திறன் குறைந்துவிடுகிறது என்பது அவருடைய கருத்து. உடல் தணிய 20 நிமிடமாவது வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். அந்த 20 நிமிடமும் "அவர் அப்படிச் சொன்னாரே" என்று மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. நடக்கலாம், துணி மடிக்கலாம், எதையாவது படிக்கலாம்.

எழுந்து போகும் விதம் முக்கியம். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அது அடுத்த சண்டையின் முதல் வரி. "எனக்குக் கோபம் அதிகமாகிவிட்டது. அரைமணி நேரத்தில் வருகிறேன், அப்போது பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள். இரண்டாவது வாக்கியம்தான் பலருக்கும் மறந்துபோகிறது.

மனத்தில் இருப்பதைக் கத்திக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்கிறார்களே?

இறங்குவதுபோல் தோன்றும். பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட சோதனையில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது வேறு சங்கதி. "எனக்குப் பயமாக இருக்கிறது", "ஒதுக்கப்பட்டதுபோல் வலிக்கிறது" என்று சொல்வது தணிக்கும். கத்துவது தணிப்பதில்லை.

பேச்சை எப்படித் தொடங்குவது?

பேச்சு எந்த வேகத்தில் தொடங்குகிறதோ அதே வேகத்தில்தான் பெரும்பாலும் முடிகிறது. காட்மனின் ஆய்வுகளில் முதல் மூன்று நிமிடங்களே வாக்குவாதத்தின் போக்கைப் பெரிதும் காட்டிக்கொடுத்தன. எனவே முதல் வாக்கியத்துக்குக் கொஞ்சம் உழைக்கலாம்.

மார்ஷல் ரோசன்பெர்க் வகுத்த முறை பலருக்கும் தெரிந்தது: பார்த்ததைச் சொல்வது, அதனால் எழுந்த உணர்வைச் சொல்வது, அதன் அடியில் இருக்கும் தேவையைச் சொல்வது, பிறகு செய்யக்கூடிய ஒரு வேண்டுகோள். தங்கை இப்படித் தொடங்கலாம்: "அக்கா, தேதி முடிவான இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மிகவும் வருத்தமாக இருந்தது. அம்மா விஷயத்தில் நானும் கூட இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை மருத்துவரிடம் பதில் சொல்வதற்கு முன்னால் என்னை ஒருமுறை கூப்பிடுவாயா?"

இதைப் பாடம்போல் ஒப்பித்தால் எரிச்சல்தான் வரும்; நானே ஒப்பித்து வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். முறையைவிட அதன் பின்னால் இருக்கும் கவனம் முக்கியம். குறிப்பாக இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, "எப்போதும்", "ஒருநாளாவது", "எங்கே கேட்கப்போகிறாய்" ஆகியவை. ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டி எதிராளி உங்களை மடக்கிவிடுவார். பேச்சு அந்த விதிவிலக்கின்மேல் போய்விடும். இரண்டு, உணர்வின் வேடமிட்ட குற்றச்சாட்டு. "நீ என்னை ஏமாற்றியதாக உணர்கிறேன்" என்பதில் "உணர்கிறேன்" என்ற சொல் இருக்கிறது, உணர்வு இல்லை. தமிழில் உண்மையான உணர்வு "எனக்கு" என்று தொடங்கும்: எனக்கு வருத்தமாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருந்தது, எனக்கு ஏமாற்றம். "நீ என்னை" என்று தொடங்கினால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அவர் பேசவே மறுக்கிறார். முகம் கொடுப்பதில்லை. என்ன செய்ய?

மௌனம் எல்லாமே தண்டனை அல்ல. சிலர் தடுமாறிப்போய் வாயடைத்துக்கொள்கிறார்கள். வெளியே கல்லாகத் தெரிபவருக்கு உள்ளே இதயம் படபடத்துக்கொண்டிருக்கலாம். துரத்தத் துரத்த அவர் இன்னும் உள்ளே போவார். "இதைப் பேச விரும்புகிறேன். உனக்கு எப்போது வசதி என்று சொல், காத்திருக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விடுங்கள். சில நாள் கழித்து இன்னொரு முறை கேட்கலாம். பத்து முறை வேண்டாம்.

வாரக்கணக்கில் பேசாமல் இருந்து உங்களைப் பணியவைப்பதே ஒருவரின் வழக்கம் என்றால் அது வேறு. அங்கே உங்களிடம் கேட்க ஒரு கேள்விதான் உண்டு: இந்த உறவில் எவ்வளவு நாள் இப்படி இருக்க எனக்குச் சம்மதம்?

குறுஞ்செய்தியில் சண்டை போடலாமா?

நேரம் குறிக்க மட்டும் பயன்படுத்துங்கள். எழுத்தில் தொனி போய்ச் சேராது. ஜஸ்டின் குரூகரும் மற்றவர்களும் 2005-இல் மின்னஞ்சலை வைத்துச் செய்த ஆய்வில், தன் கிண்டலும் நிஜமும் படிப்பவருக்குப் புரியும் என்று எழுதியவர்கள் நம்பிய அளவுக்குப் படித்தவர்களுக்குப் புரியவில்லை. எழுதுபவருக்குத் தன் குரல் காதில் கேட்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை. "சரி." என்று முற்றுப்புள்ளியோடு வந்த ஒரு பதிலை வைத்து இரவெல்லாம் தூங்காதவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது ஆளிடம் சொல்லி அழலாமா?

அழலாம். யாரிடம் என்பதுதான் கேள்வி. இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்து அதைத் தணித்துக்கொள்வதை மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் முக்கோணம் என்றார். அம்மாவிடம் தங்கை அக்காவைப் பற்றிப் பேச, அம்மா அக்காவிடம் பேச, கடைசியில் சகோதரிகள் இருவரும் நேரில் பேசவே தேவையில்லாமல் போகும். சண்டை மட்டும் அப்படியே இருக்கும். "நீ சொல்வதுதான் சரி" என்று உடனே தலையாட்டுபவரைவிட, "அவள் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்கத் துணிந்தவரிடம் அழுங்கள்.

என் பங்கு என்னவென்று தெரிந்துவிட்டது. மன்னிப்பை எப்படிக் கேட்பது?

ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016-இல் மன்னிப்பின் ஆறு கூறுகளை ஆராய்ந்தார்கள். வருத்தம் தெரிவித்தல், என்ன தவறாகிப்போனது என்று விளக்குதல், பொறுப்பேற்றல், இனி நடக்காது என்று சொல்லுதல், சரிசெய்ய முன்வருதல், மன்னிக்கும்படி கேட்டல். இவற்றில் அதிகம் எடுபட்டது பொறுப்பேற்றல். அடுத்தது சரிசெய்ய முன்வருதல். மிகக் குறைவாக எடுபட்டது "என்னை மன்னித்துவிடு" என்ற வேண்டுகோள். நாமோ அதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

"உனக்கு வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள்" என்பதில் அந்த "இருந்தால்" எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. "நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். அது தவறு" என்றால் போதும். செய்யாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்காதீர்கள். அது பெருந்தன்மை மாதிரித் தெரியும். ஆறு மாதத்தில் மனக்கசப்பாகத் திரும்பி வரும்.

எத்தனை முறை பேசினாலும் அதே சண்டை திரும்ப வருகிறதே?

அது உங்கள் தோல்வி அல்ல. காட்மனின் கணக்குப்படி, தம்பதிகளுக்கிடையிலான பிரச்சினைகளில் சுமார் 69 சதவீதம் தீராதவை; சுபாவ வேறுபாட்டிலிருந்து வருபவை. நல்லபடியாக வாழ்பவர்களிடமும் அவை இருக்கின்றன. அவர்களுக்கு அவற்றைச் சிரித்துக்கொண்டு பேசத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். திட்டமிட்டுச் செய்யும் அக்காவும் கடைசி நிமிடத்தில் முடிவெடுக்கும் தங்கையும் அறுபது வயதிலும் அப்படியே இருப்பார்கள். யார் சரி என்று தீர்க்க முயலாமல், "அம்மா விஷயம் எதுவானாலும் ஒரு நாள் இடைவெளி விட்டு முடிவு செய்வோம்" என்று நடைமுறைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

எதிரே இருப்பவர் அடிக்கிறார், மிரட்டுகிறார். அப்போதும் பழி சொல்லக் கூடாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சண்டை என்பது இருவரும் பயமின்றி "இல்லை" என்று சொல்லக்கூடிய இடத்தில் நடப்பது. ஒருவர் மற்றவரைப் பார்த்து நடுங்கினால், பணத்தையும் தொலைபேசியையும் வெளியே போவதையும் ஒருவரே கட்டுப்படுத்தினால், கை ஓங்கினால், அது வன்முறை. அதற்குச் செய்தவரே பொறுப்பு. "உன் பங்கு என்ன?" என்று அடிபட்டவரிடம் கேட்பது கொடுமை. மென்மையான தொடக்க வாக்கியம் அங்கே யாரையும் காப்பாற்றாது. சில சமயம் ஆபத்தைக் கூட்டும். நம்பகமான ஒருவரிடம் சொல்வதும், உங்கள் பகுதியில் உள்ள உதவி எண்ணையோ காவல்துறையையோ நாடுவதும், பாதுகாப்பாக வெளியேற வழி பார்ப்பதும்தான் முதல் வேலை. புரிந்துகொள்வதெல்லாம் பிறகு, அதைச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

எதிராளி வராமலே நான் மட்டும் தனியாகச் செய்யக்கூடியது உண்டா?

உண்டு, எளிமையானதும்கூட. ஈலை ஃபின்கலும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 120 தம்பதிகள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு ஒரு பயிற்சி: அண்மையில் நடந்த ஒரு சண்டையை, இருவருடைய நலத்தையும் விரும்பும் நடுநிலையான ஒருவர் பார்த்தால் எப்படி எழுதுவார் என்று எழுதுவது. ஒவ்வொரு முறையும் ஏழு நிமிடம், ஓர் ஆண்டில் மூன்று முறை. மொத்தம் 21 நிமிடம். பயிற்சி செய்யாதவர்களின் மணவாழ்க்கைத் திருப்தி அந்த ஆண்டில் தொடர்ந்து குறைந்தது. எழுதியவர்களுக்கு அந்தச் சரிவு நின்றது. சண்டைகளின் எண்ணிக்கை குறையவில்லை. அவை தந்த உளைச்சல்தான் குறைந்தது.

நண்பர், சகோதரி, சக ஊழியர் யாரோடு சண்டை என்றாலும் முயன்று பார்க்கலாம். எழுதும்போது உங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள், "நான்" வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் அந்த நடுநிலையாளர் உங்கள் வழக்கறிஞர் மாதிரியே பேசுவார். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் அவருக்கே அலுத்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் அவர் என்னைத்தான் குற்றவாளி என்கிறார்.

சொல்லட்டும். அவருடைய கதையை உங்கள் வாயால் திருத்த முடியாது. திருந்து என்பது தன்வினை. நீங்கள் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று, செய்யாததைச் செய்யவில்லை என்று அமைதியாக ஒருமுறை சொல்லியாயிற்று. அந்தத் தங்கை இப்போதும் அறுவைச் சிகிச்சை நாளன்று மருத்துவமனைக்குப் போகலாம். அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை.